தங்கச்சிக்கு ஊதிய விசில்

மலேசியா போகிறேன் என்று வாய் தவறிச் சொன்ன அன்றே எங்கள் தெருவில் தலைவலித் தைலத்துக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. எதற்குப் போகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானாகவே எதிர்வீட்டுக்காரரிடம், "பாஸ்கட்பால் மேட்சுக்கு ரெஃப்ரியா கூப்பிட்டிருக்காங்க சார்" என்றேன். "ரொம்ப சந்தோஷம். பச்சை மூடி போட்டதா பாத்து வாங்குங்க" என்றார்.

நான் கரூரில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரி மேட்ச், மாவட்ட மேட்ச், மாநில மேட்ச் என்று ஊதி ஊதியே கன்னம் தொங்கிவிட்டது. ஆனால் என்னை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டது என் திறமை அல்ல, என் மனைவியின் கொள்ளுத்தாத்தா. அவரும் அவர் அண்ணனும் ஒன்றாகக் கப்பலேறப் போனார்கள். அண்ணன் ஏறி, மலேசியாவின் பேராக்குக்கு ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போனார். தம்பி கப்பலைப் பார்த்ததுமே வாந்தியெடுத்துவிட்டு வீடு திரும்பினார். வாந்தியெடுத்தவர் வம்சம் என் மனைவி. போனவர் வம்சம் குணா. முறைப்படி குணா என் மனைவிக்குத் தம்பி, எனக்கு மச்சான்.

குணா போனில் சொன்னது இது: "போன வருசம் கோயில் திருவிழா மேட்ச்ல அம்பயர் ஒரு பக்கமா சாஞ்சிட்டாருன்னு பெரிய சண்ட ஆயிருச்சி மச்சான். இந்தத் தடவ நடுநிலையா ஒரு ஆளு வேணும்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம். நீங்க வெளிநாட்டு ஆளு. இங்க யாரையும் தெரியாது. அதனால நம்ம வீட்லயே தங்கிக்கலாம் லா."

அந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா' இடிக்கவில்லை, அந்த 'அதனால'தான் எனக்குக் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் பெட்டி கட்டினேன்.

வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் இறங்கி, ஈப்போ போகும் பஸ்ஸில் ஏறியதும் குளிரில் உடம்பு விறைத்துப்போனது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய விழித்தே இருக்கும் எனக்கு, குளிர் பட்டால் மட்டும் தூக்கம் வந்துவிடும். கண்ணைத் திறந்தபோது இரண்டு பக்கமும் பச்சை வயல், நடுவில் கொக்கு. எங்கள் ஊர்ப்பக்கத்துக் குளித்தலைக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று சன்னலைத் துடைத்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டு அம்மாவிடம் ஈப்போ எப்போது வரும் என்று கேட்டேன்.

"ஈப்போ அப்பவே போயிருச்சே அண்ணே. இது பாரிட் புந்தார். நீங்க நல்லா தூங்கிக்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல" என்றார் அந்த அம்மா. எவ்வளவு நல்ல மனசு.

குணா காடியை, அங்கே காருக்கு அதுதான் பெயர், எடுத்துக்கொண்டு வந்து சேரும்வரை ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, கடைக்காரர் ஆற்றி ஆற்றிக் கொடுத்த தே தாரிக்கைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு முழ உயரத்திலிருந்து டீயை இழுத்து ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. எங்கள் ஊரில் இதே டீ பாதி சட்டையில்தான் ஆறும். வந்த குணா திட்டவே இல்லை. "பசியாறிட்டீங்களா மச்சான்?" என்றுதான் கேட்டான். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பசியாறினோம். வீடு போய்ச் சேர்ந்ததும் மறுபடி பசியாறச் சொன்னார்கள்.

வீடு ஈப்போவுக்கு வெளியே, லகாட் தாண்டி. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம். வெள்ளைக்காரன் அதற்கு என்ன பெயர் வைத்தானோ, நம்மவர்கள் வைத்தது 'பெரிய தோட்டம்'. இப்போது பால் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வரிசை வீடுகள். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. குணாவின் அம்மா பாக்கியம் எனக்கு அத்தை முறை. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மாப்ள வந்தாச்சா! வாங்க, வாங்க. ஆட்டுக்கறி பெரட்டல் ஆறிக்கிட்டு இருக்கு."

மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு இந்த வயதிலும் இவ்வளவு கறி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சோற்றுப் பானையோடு குணாவின் மனைவி வந்தாள். நிலைப்படியில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்து வந்தாள். அவ்வளவு உயரம். ரோவேனா, பிலிப்பைன்ஸ்காரி. தமிழை மாமியாரிடமிருந்து கற்றதால் எந்த வேளைச் சாப்பாடாக இருந்தாலும் அவளுக்குப் 'பசியாறுவது'தான். எனக்குத் தங்கச்சி முறை. அவளும் முதல் சொல்லிலேயே "வாங்க அண்ணே" என்றாள்.

"எங்க வேலை பாக்குறம்மா?" என்று கேட்டேன்.

அத்தை முந்திக்கொண்டார். "டவுன்ல ஸ்கூல்ல வேல பாக்குது மாப்ள. பந்து வெளாட சொல்லிக் குடுக்குது."

அதோடு பேச்சை நிறுத்தி எனக்கு இன்னும் ஒரு கரண்டி வைத்தார். சனிக்கிழமை காலைதான் குணா மீதியைச் சொன்னான். பந்து விளையாடச் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பெண் கல்லூரியில் கோப்பை வாங்கியவள். நாட்டு அணியில் பல வருஷம் ஆடியவள். கோலாலம்பூருக்கு அணியோடு வந்து கணுக்கால் வீங்கிக் கிடந்தபோது, அந்த ஓட்டலில் வேலை பார்த்த குணாதான் ஐஸ் கொண்டுபோனான். "ஐஸ் கொண்டு போனேன் மச்சான், அவ்ளோதான்" என்றான். மூன்று நாளும் கொண்டுபோயிருக்கிறான். வீக்கம் முதல் நாளே வடிந்துவிட்டதாம்.

நாளை மேட்சில் மோதுவது பெரிய தோட்டத்துப் பெண்கள் அணியும் தெலுக் இந்தான் என்ற ஊரின் அணியும். பெரிய தோட்டத்துக்குக் கோச் ரோவேனா. அதாவது என் தங்கச்சி. நடுநிலை என்று ஊர் நம்புகிற ஆள் அவள் வீட்டு ஹாலில், அவள் வடித்த சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறான். இதை நான் குணாவிடம் சொன்னேன்.

"நீங்க இந்தியா மச்சான். இந்தியான்னா நடுநிலை" என்றான்.

மாலையில் பயிற்சி பார்க்கப் போனேன். தமிழ்ப்பள்ளித் திடலில் கோர்ட். பல விளையாட்டுக்கும் சேர்த்து அதில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எது எல்லை, எது நடுக்கோடு என்று எனக்கே தலை சுற்றியது. பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையுறைத் தொழிற்சாலையில் வேலை, ஒருத்தி நர்ஸ், ஒருத்தி வாடகைக் காடி ஓட்டுகிறவள். ரோவேனா பந்தைக் கொடுத்தாள். நர்ஸ் பிடித்தாள். பிடித்ததும் அப்படியே சிலையாக நின்றாள்.

"ஓடு!" என்று கத்தினாள் ரோவேனா.

நர்ஸ் ஓடவில்லை. இன்னொருத்திக்கு வீசினாள். அவளும் பிடித்தாள், நின்றாள். தடுக்க வேண்டியவள் ஒரு கை தூரத்தில் மரியாதையாக நின்று கையைத் தூக்கினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குணா விளக்கினான். இங்கே பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் எல்லாரும் சின்ன வயதிலிருந்து ஆடுவது நெட்பால். அதில் பந்தைப் பிடித்தவள் ஓடக்கூடாது, தட்டக்கூடாது. எதிராளி கிட்டே நெருங்கக்கூடாது. அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ரோவேனா இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறாள். கொஞ்சம் பதற்றம் வந்தால் போதும், பத்துப் பேரும் நெட்பாலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

"டிக்கெட் வாங்காம சிலைய பாக்குறீங்க அண்ணே" என்றாள் ரோவேனா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து பெஞ்சில் வந்து உட்கார்ந்து முட்டிக்குப் பட்டை சுற்றினாள்.

"நாளைக்கி நானும் வெளாடுறேன்."

"முட்டி தாங்குமா?"

"டாக்டர் கொஞ்ச நேரம் ஓக்கே சொல்லியாச்சு. அப்புறம் ஆப்பரேசன். அப்புறம் வெளாட முடியாது லா." பட்டையை இறுக்கினாள். "அண்ணே, நான் கடைசி மேட்ச் வெளாடல. முட்டி அடி பட்டிச்சி. அப்புறம் டீம் கேம்ப்ல பேரு வாசிச்சாங்க. என் பேரு இல்ல. யாரும் ஒண்ணும் சொல்லல. நான் பேக் எடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். அவ்ளோதான். எனக்கு ஒரே ஒரு நெஜ மேட்ச் வேணும். சும்மா திருவிழா வெளாட்டு வேணாம். நெஜம்."

கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தேன். நிச்சயமாக நிஜ மேட்ச்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது என் கையில் மட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் டவுனில் மாதா கோயிலுக்குப் போனாள். மதியம் நம் கோயிலில் அன்னதானம் பரிமாற வேண்டும். "ரெண்டு சாமியும் சேந்து முட்டிய பாத்துக்கட்டும்" என்று அத்தை அனுப்பிவைத்தார். நானும் தைலம் வாங்கக் கூடப் போனேன். பூசை முடிந்து வெளியே வந்ததும், வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஒரு கூட்டமாக நின்று ரோவேனாவைப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே அலறல். ஒருத்தி குடையை விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் ரோவேனா வெட்கப்பட்டு, "ஹலோ சொல்றாங்க" என்றாள். அவ்வளவு நீளமான ஹலோவா? குடைக்காரப் பெண்ணே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "ஐயா, இவள் உதடு கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்டக் கோப்பை வாங்கித் தந்தவள். பெண்கள் மேட்ச்சுக்கு யாரும் வரமாட்டார்கள், ஆண்கள் மேட்ச்சுக்குத்தான் கூட்டம். இவள் ஆடினால் மட்டும் நாங்கள் முன்னாடியே போய் உட்கார்வோம்." இன்னொருத்தி, ரோவேனா சின்ன வயதில் தென்னைமரத்தில் வளையம் அடித்து, ரப்பர் செருப்போடு பையன்களுக்கு எதிராக ஆடியதைத் தானே நேரில் பார்த்ததுபோலச் சொன்னாள். சொன்னவள் பிறந்தது வேறு தீவிலாம்.

ரோவேனா சிரித்து, அழுது, போட்டோவுக்கு நின்றாள். பிறகு ஒரு சீனர் கடையில், ஈப்போவில் பேர்போன வெள்ளைக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். எங்கள் டிகிரி காப்பிக்கு எதுவும் நிகரில்லை என்று ஊரில் சண்டை போட்டவன் நான். அதைப் பற்றி இனி வாயைத் திறக்க மாட்டேன்.

"இதெல்லாம் அத்தைக்குத் தெரியுமா?" என்றேன்.

"அம்மா கேக்கல. நானும் சொல்லல" என்றாள். மாமியாரை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். "அம்மாவுக்கு பயம் அண்ணே. பந்துன்னா முட்டி. முட்டின்னா பயம்."

மதியம் அன்னதானம் முடிந்து ஊரே வயிறு முட்ட எழுந்தது. மேட்ச்சுக்கு முன் மரியாதைகள். எனக்கு மாலை, பொன்னாடை. தெலுக் இந்தான் கேப்டன் தேவி என்ற பெண் வந்து கும்பிட்டு ஒரு தூக்குச்சட்டியை நீட்டினாள். "இறால் சம்பல் சார், நல்ல காரம். எங்க தாத்தாவுக்கும் குளித்தல பக்கந்தான். நீங்க எனக்கு சித்தப்பா முறை வருவீங்கன்னு அம்மா சொன்னாங்க." ஆக, இரண்டு அணியும் எனக்குச் சொந்தமாகிவிட்டன. நடுநிலை என்றால் இதுதான் போலிருக்கிறது.

அப்புறம் ஒய்.பி.க்காகக் காத்திருந்தோம். சட்டமன்ற உறுப்பினரை அங்கே அப்படித்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள். வானம் கருத்துக்கொண்டு வந்தது. மழையை முந்திக்கொண்டு ஒய்.பி. வந்து சேர்ந்தார். ரிப்பன் வெட்டி, கூடையில் ஒரு பந்து போட்டுத் தொடக்கி வைக்கும்படி கேட்டார்கள். அவர் வீசிய பந்து, மீ கோரேங் என்ற நூடுல்ஸ் வறுக்கும் கடையின் சட்டிக்குள் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கடைக்காரர் மட்டும் தட்டவில்லை. எண்ணெய்ப் பந்தோடு ஆட முடியாது என்று வேறு பந்து வாங்கினேன்.

விசிலை எடுக்கும்போது அத்தை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, புள்ளைக்கு முட்டி சரியில்ல. யாரும் மேல உழுந்துறாம பாத்துக்குங்க. கிட்ட வந்தாலே ஊதிருங்க." குணா மறுபக்கம் வந்து, "கொஞ்சம் பாத்து லா மச்சான்" என்று கண்ணடித்தான்.

முதல் பாதியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ரோவேனா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தால் தெலுக் இந்தான் பெண்கள் சாமி ஊர்வலத்துக்கு ஒதுங்குவதுபோல் ஒதுங்கினார்கள். ஒருத்தி, "போங்கக்கா, போங்க" என்று கை காட்டியே அனுப்பினாள். முட்டி விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. ரோவேனா கூடைக்குக் கீழே போய்ப் பந்தைப் போடாமல் நின்றாள்.

"ஏன் வழி விடுற? இது பாசாரா? நான் மீன் வாங்க வந்தேனா?"

"உங்களுக்கு கால் வலிக்கும்லக்கா" என்றாள் தேவி.

ரோவேனாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த முகத்தோடுதான் அவள் அன்று கேம்ப்பிலிருந்து பஸ் ஏறியிருப்பாள்.

இடைவேளை முடிந்ததும் அவள் வேலையைக் காட்டினாள். தேவி பந்தைப் பிடித்துப் பழக்கதோஷத்தில் சிலையாக நின்ற நேரம் பார்த்து, வெடுக்கென்று பிடுங்கிப் போட்டாள். அடுத்த தடவையும் பிடுங்கினாள். மூன்றாவது தடவை தோளால் ஒரு இடி இடித்து, "நெட்பால் பாப்பா" என்று சிரித்தாள். தேவிக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"யாரு பாப்பா? வாங்கக்கா பாத்துருவோம்!"

அதன்பிறகு நடந்தது மேட்ச். நெட்பாலெல்லாம் பறந்துவிட்டது. கோபம் வந்தால் கால் தானாக ஓடும்போலும். தேவி ரோவேனாவின் மேல் பாய்ந்தாள், நான் ஊதினேன். ரோவேனா தேவியின் கையைத் தட்டினாள், ஊதினேன். ஒவ்வொரு விசிலுக்கும் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "மாரியாத்தா" என்றார். ரோவேனா விழுந்தாள், எழுந்தாள், பல்லைக் காட்டினாள். நொண்டினாள். ஆனாலும் என்ன ஆட்டம்! பந்தைப் பார்க்காமலே வீசினாள். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. இத்தனை வருஷம் விசில் ஊதியதற்கு இதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்ததே என்று உடம்பு சிலிர்த்தது.

கடைசி நொடிகள். பெரிய தோட்டம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. முதல் தூறல் விழுந்தது. ரோவேனா பந்தோடு உள்ளே நுழைந்தாள். தேவியை ஏமாற்றித் திரும்பினாள். அப்போது முட்டி மடங்கியது. பந்தைக் கையில் பிடித்தபடி, விழாமலிருக்கக் காலை மாற்றி மாற்றி வைத்து நிமிர்ந்து எறிந்தாள். பந்து உள்ளே போனது. உறுமி மேளக்காரர்கள் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். குணா ஒய்.பி.யைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

அது ஸ்டெப்ஸ். பந்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை அடி வைக்கக் கூடாது. பார்த்தவன் நான் ஒருவன்தான். நெட்பால் பெண்கள் யாரும் செய்யாத தப்பை நாட்டு அணிக்காரி செய்திருக்கிறாள். விசில் வாயில் இருந்தது. விட்டுவிடு, ஆப்பரேசனுக்குப் போகிற பெண், உன் தங்கச்சி, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு சொன்னது. விட்டால் நானும் ஒதுங்கி நின்று, போங்கக்கா என்று கைகாட்டியவன் ஆகிவிடுவேன்.

ஊதினேன்.

உறுமி பாதி அடியில் நின்றது. இரண்டு கையையும் சுற்றி ஸ்டெப்ஸ் காட்டினேன். கூடை செல்லாது என்றேன்.

ரோவேனா நொண்டிக்கொண்டே வந்து என் மூக்குக்கு நேராக நின்றாள். முதலில் அவள் பாஷையில் கத்தினாள். பிறகு இங்கிலீஷ், அப்புறம் மலாய். கடைசியில் தமிழ். "கண்ணு எங்க இருக்கு அண்ணே! முதுகுலயா? நான் ஸ்டெப்ஸ் வச்சேனா? நானா?" பந்தைத் தரையில் அறைந்தாள். அது என் தலைக்கு மேல் எகிறியது. நடுவரிடம் இப்படி நடந்தால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ என்பது விதி; டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தேன். ஊர் வாயைப் பிளந்தது. வீட்டு மருமகள் மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்துகிறாளே!

அப்போதுதான் அத்தை முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார்.

"யோவ் மாப்ள! எம் மருமவளா ஸ்டெப்பு வச்சா? அவ யாரு தெரியுமாய்யா உனக்கு? ஒங் கண்ணுல சம்பல தேய்க்க!"

தேவி ஃப்ரீ த்ரோவைப் போட்டாள். தெலுக் இந்தான் ஜெயித்தது. மழை கொட்டியது. அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை எனக்குப் பசியாற வைத்தது பால் விடாத ஒரு கோப்பி ஓவும் நான்கு பிஸ்கட்டும். மற்றவர்களுக்கு இடியாப்பம். அத்தை என்னைப் பார்க்காமலே தட்டை வைத்தார். குணா நல்லவன். தன் இடியாப்பத்தில் ஒன்றை மேசைக்கடியில் தள்ளினான். பஸ் நிலையத்துக்கு ரோவேனாதான் காடி ஓட்டினாள். முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. சாலையை முறைத்துக்கொண்டே ஓட்டினாள். நானும் சன்னல் பக்கம் திரும்பிச் சுண்ணாம்பு மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெட்டியை இறக்கும்போது அவள் சொன்னாள். "அண்ணே, அது ஸ்டெப்ஸ்தான்."

"தெரியும்மா."

"எனக்கும் அப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்கும்மா அந்தக் கத்து கத்துன?"

"மேட்ச் லா அண்ணே! நெஜ மேட்ச்ல கத்தாம எப்டி?" சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. நேத்துலேர்ந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் பண்றாங்க. எங்க மருமவ நாட்டுக்கு வெளாண்டவ, அவ ஜெயிச்ச மேட்ச்ச மாப்ள கெடுத்துட்டான்னு சொல்றாங்க. முன்ன என் ஆட்டத்த பத்தி அம்மா யார்கிட்டயும் பேசினதே இல்ல அண்ணே."

நான் சொல்லவில்லை. இன்றுவரை அந்த வீட்டில் நான் கண் தெரியாத மாப்பிள்ளைதான்.